அவுக யாருப்பா என்று நீ கேட்டாய்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அடுத்த வரி எழுத எனக்குக் கை வராது. நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. விராலிமலையில் திருச்சி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, மடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து, அதன் மேல் தாளைப் பரப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறேன். நாளைக் காலை கோயம்புத்தூரில், நீ வேலை பார்க்கும் விதைப் பண்ணை வாசலில் நிற்பேன். நேரில் பார்க்கப் போகிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. முப்பது வருஷம் வகுப்பில் கத்தியவன், உன் முன்னால் வந்தால் மழையையும் பஸ்ஸையும் பற்றித்தான் பேசுகிறேன். அதனால் இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றுகொள்வேன். நீ படித்து முடித்த பிறகு கூப்பிடலாம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உனக்கு வந்த ஒரு பழுப்பு உறை என்னிடம் இருக்கிறது. டெல்லியிலிருந்து வந்தது, சிங்க முத்திரை போட்டது. நிரந்தர முகவரி என்று நீ நம் வீட்டைக் கொடுத்திருந்தாய் போலிருக்கிறது, இங்கே வந்துவிட்டது. பிரித்துப் படித்தேன். மக்காச்சோள விதை ஆராய்ச்சியில் பயிற்சி பெற உன்னை மெக்சிகோ நாட்டுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம். போகச் சம்மதமா இல்லையா என்று வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ தந்தி கொடுக்க வேண்டும். இன்று புதன். உறை வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் அதை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

கோபம் வரும். வரட்டும். ஆனால் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதே, மிச்சத்தையும் படி. மெக்சிகோ என்ற பெயரைப் பார்த்ததும் உனக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் இருவரும் இந்தப் பதினேழு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ பேசாதது பெருந்தன்மை. நான் பேசாதது கோழைத்தனம்.

உனக்கு ஒன்பது வயதாகும்வரை நாம் சமஸ்தானத்து ஆட்கள். திருச்சிக்குப் போனால் புதுக்கோட்டைக்காரரா என்று கேட்பார்களே தவிர, இந்தியரா என்று என்னை யாரும் கேட்டதில்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, ‘இன்று முதல் நாம் இந்தியர்’ என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தேன். சொல்ல வைத்த எனக்கே அந்தச் சொல் புதுச் சட்டை மாதிரி மொடமொடவென்று இருந்தது. ஆனால் பிடித்திருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம்தான் புதுக்கோட்டையில் பழைய காகிதக் கடையில் இந்தப் புத்தகம் கிடைத்தது. இப்போது மடியில் இருக்கிறதே, இதேதான். முன்பக்கம் நாற்பது தாள் கிழிந்துபோன ஆங்கிலப் புத்தகம், மெக்சிகோ நாட்டு வரலாறு. நான் கணக்கு வாத்தியார். சரித்திரம் எடுத்தவர் மாற்றலாகிப் போனதால் அதுவும் என் தலையில் விழுந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாங்கிவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

படித்தால் பக்கத்துக்குப் பக்கம் இந்தியர்கள்! ஏரிக்கு நடுவே நகரம் கட்டிய இந்தியர்கள். கண்மாய்ச் சேற்றை அள்ளித் திட்டுப் போட்ட மாதிரி, தண்ணீரிலேயே தோட்டம் போட்டு மிளகாயும் பூவும் வளர்த்த இந்தியர்கள். பெண்கள் அம்மியில் சோளம் அரைக்கிறார்கள், செத்தவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்து நகரத்தையும் ராஜாவையும் சேர்த்து அழிக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் ஆட்கள்! எப்போதோ கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், இது ஒருவருக்கும் தெரியவில்லை, மெனக்கெட்டுக் கண்டுபிடித்தவன் நான். நேற்று இந்தியனானவனுக்கு எங்கே பார்த்தாலும் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். கிழிந்துபோன அந்த நாற்பது தாளில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினேன். நீதான் மெக்சிகோ ராஜா. உன் அம்மாவின் கூறைப்புடவையை இடுப்பில் சுற்றி, கோழி இறகைக் கிரீடத்தில் செருகி நின்றாய். நன்றாகத்தான் நடித்தாய். வெள்ளைக்காரனைப் பார்த்து, ‘நாங்களும் இந்தியர்! பாரத மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்!’ என்று நீ முழங்கியதும் ஊரே கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளி இன்ஸ்பெக்டர் மட்டும் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. பேச எழுந்தவர், “வாத்தியாரே, இந்தியாவுக்கு வழி தேடிக் கிளம்பின மாலுமி ஒருத்தன் வழி தவறி அங்க போய் எறங்கிட்டான். இதுதான் இந்தியான்னு நெனச்சு, கண்ணுல பட்டவங்களையெல்லாம் இந்தியர்னு கூப்பிட்டுட்டான். அவன் பண்ணின தப்பு இன்னும் திருந்தல. நீங்க அதுக்கு நாடகமே போட்டுட்டீங்க” என்றார். கைதட்டின அதே ஊர் இப்போது சிரித்தது.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். “அந்த வசனம் நான் எழுதல சார். பையன் தானாச் சேத்துக்கிட்டான்” என்றேன். சொன்னதோடு விட்டேனா? மேடையில் ஏறிப் பிரம்பை எடுத்து, உன் கையை நீட்டச் சொல்லி இரண்டு அடி அடித்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்த வசனத்தை ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் நிற்க வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை. கிரீடம் மட்டும் கீழே விழுந்தது. அதை நீயே எடுத்துக்கொண்டு இறங்கினாய். வீட்டுக்கு நடந்து வரும்போது, அடித்தது ஏன் என்று கேட்பாய், என்ன சொல்வது என்று நான் பதறிக்கொண்டு வந்தேன். நீ அதைக் கேட்கவில்லை. “அப்பா, அவுக இந்தியரு இல்லன்னா, அப்ப அவுக யாருப்பா?” என்றாய். “வாய மூடிக்கிட்டு வா” என்றேன்.

பஸ் வந்துவிட்டது. மிச்சத்தைத் திருச்சியில் எழுதுகிறேன்.

திருச்சி ஜங்ஷன். கோயம்புத்தூர் வண்டிக்கு இன்னும் நேரமிருக்கிறது. உட்கார முடியவில்லை. எழுந்து பிளாட்பாரத்தின் அந்தக் கோடிவரை நடக்கிறேன், திரும்பி வந்து இரண்டு வரி எழுதுகிறேன். உறை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கிற மனுஷர், “என்னங்க, யாரும் வரணுமா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அந்த நாடகத்துக்குப் பிறகு என் பெயர் மெக்சிகோ வாத்தியார் ஆனது உனக்குத் தெரியும். “மெக்சிகோ வாராருடா, ஒதுங்கு” என்று டீக்கடையில் சொல்வார்கள். உன்னை மெக்சிகோ மகன் என்று கூப்பிட்டார்கள். உன் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் உன்னிடம் பேசிவிடலாம் என்று நான் நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ்ஸேறிப் புதுக்கோட்டை நூலகத்துக்குப் போனேன். அந்த நாடுகளைப் பற்றி இருந்ததையெல்லாம் எடுத்தேன், இல்லாததைத் தருவித்துக் கொடுக்கச் சொல்லி நூலகரின் உயிரை வாங்கினேன். நீ நினைத்தாய், அப்பாவுக்குப் புத்தகப் பைத்தியம் என்று. எனக்கு அந்த ஒரு கேள்விதான் பைத்தியம்.

என்னவெல்லாம் படித்தேன் தெரியுமா! அவர்களுடைய ஏடுகளைக் கட்டுக்கட்டாகக் குவித்து ஒரு பாதிரியார் கொளுத்தினார். வேறொரு பாதிரியார் கிழவர்களை உட்கார வைத்து அவர்கள் சொன்னதையெல்லாம் அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்தார். ஒரே சபையில் இரண்டு மாதிரியும் ஆட்கள். நிலத்துக்காக எழுந்த குடியானவர்களைப் பற்றிப் படித்தேன். வடக்கே சண்டையில் தோற்று மெக்சிகோ பாதி நாட்டை அமெரிக்காவுக்குக் கொடுத்ததைப் படித்தேன். வீட்டை விட்டு ஓர் அடி நகராமல், கோழிக்கூண்டைக்கூட இடம் மாற்றாமல், ஒரு நாள் காலையில் வேறு நாட்டு ஆட்களாக எழுந்தவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அது நடந்தது நம் சமஸ்தானம் சேர்ந்ததற்குச் சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால். நாம் விரும்பிச் சேர்ந்தோம், அவர்களை யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் பெரிதுதான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். புதுப்பெயர் நாக்கில் மொடமொடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெயர்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நீ வளர்க்கிற சோளத்தையே எடுத்துக்கொள். அது பிறந்தது மெக்சிகோவில். நாம் வைத்திருக்கிற பெயர் மக்காச்சோளம், மெக்காவிலிருந்து வந்தது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கடலையைத் தென்னாற்காட்டுப் பக்கம் மணிலாக்கொட்டை என்கிறார்கள். அதுவும் அந்தக் கண்டத்துச் சரக்குதான், ஸ்பெயின்காரன் கப்பலில் மணிலாவுக்கு வந்து இறங்கியது. வந்த வழியில் எந்தக் கடையில் நின்றதோ அந்தக் கடையின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர்களுக்கும் அதே கதிதான். மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான் என்று ஒரு நாள் உன் அம்மாவிடம் சொன்னேன். “போங்க அங்கிட்டு. எங்க ஆத்தா வீட்டுக் கொல்லையில மொளகா இல்லாத நாளே கெடையாது. எந்த மெக்சிகோக்காரன் வந்து நட்டான்?” என்று கேட்டாள். அங்கே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பார்கள் என்றதற்கு, “சுண்ணாம்பா? அப்ப பாக்கு எப்பப் போடுவாக?” என்றாள். அதோடு என் சொற்பொழிவு முடிந்தது. ஆவூர்ப் பள்ளியில் வேலை பார்க்கிற என் சிநேகிதர் ஒருவர், அங்கே பாதிரியார்களிடம் கேட்டுவந்து, அந்த நாட்டுக்காரர்கள் ‘மெஹிக்கோ’ என்றுதான் சொல்வார்களாம் என்றார். இத்தனை வருஷம் ஊர் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரே தப்பு!

இப்படி ஒரு அலமாரி படித்தும் உனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு புத்தகம் சொன்னதை அடுத்த புத்தகம் அடித்துப் போட்டது. எல்லாமே அவர்களைப் பற்றி யாரோ எழுதியது. நீ கல்லூரிக்குப் போனாய், பண்ணை வேலைக்குப் போனாய். இந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நீ தொட்டதில்லை. தொடாததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் தொடு என்று நானும் சொன்னதில்லை.

பதினோரு நாளுக்கு முன்னால் உறை வந்தது. படித்துவிட்டு இந்தப் புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்தேன். ஆறாம் நாள் விராலிமலைத் தபாலாபீசுக்குப் போனேன். தந்திப் பாரம் வாங்கி, வர இயலாமைக்கு வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டேன். ஆமாம், உன் பெயரைத்தான் போட்டேன். உள்ளேயிருந்த குமாஸ்தா படித்துவிட்டு, “தந்தி குடுக்குறது யாருங்க, நீங்களா தம்பியா?” என்று கேட்டார். தம்பிதான் என்றேன். “அப்ப தம்பி எங்க? ஒரு வார்த்த கேட்டுக்கிட்டீங்களா?” என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த மேடையும் பிரம்பும் கண்முன் வந்தன. நான் சொன்னதை உன் வாயில் வைத்துவிட்டுத் தப்பிக்கிற புத்தி பதினேழு வருஷத்தில் துளிகூடக் குறையவில்லை. பாரத்தைக் கிழித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதும் உறையை உனக்கு அனுப்பவில்லை.

முந்தாநாள் புத்தகங்களை வெயிலில் காயப் போட்ட உன் அம்மா கையில் அது சிக்கியது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, சிங்கம் தெரியும். “ஏங்க, இது நம்ம புள்ளைக்கி வந்த சர்க்கார் கவருல்ல? பிரிச்சிருக்கீங்க. அவனுக்குத் தெரியுமா?” என்றாள். சொன்னேன். எவ்வளவு தூரம் என்று கேட்டாள், சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். “அவன் கவர அவன்கிட்டக் குடுங்க. போறதும் போகாததும் அவன் பாடு” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, கப்பலேறிப் போன பிள்ளைகள் திரும்பாத கதை நிறையப் படித்திருக்கிறேன் என்றேன். “எனக்கு மட்டும் இல்லையா?” என்றாள்.

பயம் என்று அவளிடம் சொன்னேனே, அது பாதிப் பொய். பயம் உண்டு. ஆனால் உறையை ஒளித்தது பயம் இல்லை, பொறாமை. எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். பதினேழு வருஷம் கண் பூத்துப் போகும்வரை படித்தவன் நான். அந்த ஏரி நகரத்தின் தெருக்கள் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம்கூடப் படிக்காத உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ அங்கே இறங்கி நடந்தால், நான் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிடும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் என்று நீ என்னை நினைக்கலாம். சரியாகத்தான் நினைப்பாய்.

இன்னொன்றும் செய்தேன். அந்த வசனம் நான் எழுதியது, நீ சேர்க்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியாது. சபையில் அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டாய் என்று நினைத்து அன்றைக்கு உன்னை அவளும் திட்டினாள். ஊரே தட்டிக்கொடுக்கும் என்று காலையிலேயே உனக்குச் சுட்டு வைத்திருந்த பணியாரத்தை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டாள். “பாவி மனுஷா, அன்னைக்கி எம்புள்ள பணியாரத்தப் பாத்துக்கிட்டே நின்னானே” என்றாள். அப்போதுதான் அழுதாள். அவள் என்னைப் பாவி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்று கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையப் பணியாரம் சுட்டுக் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம் மிளகாய் வற்றல். அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று! நான் வாங்கிக்கொண்டேன்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் இரண்டு வார்த்தை. போனால், அவர்களைப் பார்த்ததும் ‘நீங்களும் எங்களை மாதிரிதான்’ என்று சொல்லிவிடாதே. நான் செய்த தப்பு அதுதான். அம்மியும் மிளகாயும் படையலும் ஒன்றாகத் தெரியும், உடனே சொந்தம் கொண்டாடத் தோன்றும். பொறு. அவர்கள் தங்களை என்னவென்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று முதலில் கேள். அவர்கள் மொழியைக் கற்றுக்கொள், தப்பாகப் பேசு, சிரித்தால் சிரிக்க விடு. தப்பு உன்னுடையது என்றால் அந்த இடத்திலேயே என்னுடையது என்று சொல்லிவிடு. எனக்கு அதைச் சொல்ல இவ்வளவு காலமும் ஒரு ரயிலும் வேண்டியிருக்கிறது.

வண்டி வரப்போகிறது, மணி அடித்துவிட்டார்கள். உறையை இந்தத் தாள்களுக்குள் வைக்கிறேன். அதோடு ஒரு தந்திப் பாரமும் இருக்கிறது. அதில் நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. போகிறேன் என்று எழுதினாலும், போகவில்லை என்று எழுதினாலும், கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். நேற்றுப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து, முன்பு ஒரு தடவை நான் தப்பாக நாடகம் எழுதி, அந்தப் பழியை என் மகன்மேல் போட்டேன் என்று சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி மட்டும், “அவுக இப்ப எங்க சார்?” என்று உன்னைப் பற்றிக் கேட்டாள்.

நீ போவதாக இருந்தால், குளிர், சாப்பாடு எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுது. எனக்கு ஒரு வரி போதும். அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. அங்கே வயலில் உன்னோடு நிற்கிறவர்களிடமே கேள், அவர்கள் சொல்வதை எழுது. என் அலமாரிப் புத்தகங்களோடு ஒத்துப்போகாவிட்டால் கட்டாயம் எழுது.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தூக்கு என் கையில்தான் இருக்கிறது. இந்தப் பணியாரம் உனக்குப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நீ கூப்பிட்டால் கொண்டுவருகிறேன். கூப்பிட மனம் வராவிட்டால் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீ சாப்பிடு.

உன் அப்பா